ராசாம்பா சந்தேகப்பட்ட கத்தி

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. பேரு ராசாம்பா. எப்பேர்ப்பட்ட சந்தேகக்காரின்னா, பால்காரர் ஊத்திட்டுப் போற பால்ல விரல விட்டு நக்கிப் பாப்பா. கோழி முட்ட வெக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சியப் பாப்பா. கண்ண மூடு தேனு. மூடுற மாதிரி நடிக்காத, இமை ஆடுறது அத்தைக்குத் தெரியும். ம் சொல்லு.

"ம்."

அந்த ஊருக்கு வெளிய ஒரு சிமெண்டு ஃபேக்டரி. அங்க சுண்ணாம்புக்கல்லு சுமக்க ஒரு ரப்பர் பெல்ட்டு. நம்ம தெருவ மூணு தடவ போட்டா எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கடகட கடகடன்னு கல்ல ஏத்திக்கிட்டு மேல போவும். அங்க கொட்டிட்டு, வெறும் பெல்ட்டா மடங்கி, அடிப்பக்கமாவே திரும்பி வரும். போறப்ப தாங்குறதுக்கு நெருக்க நெருக்கமா ரோலருங்க. திரும்பறப்ப தாங்குறதுக்கு பத்தடிக்கு ஒண்ணா, நீட்டுக் குழாய் மாதிரி கீழ் ரோலருங்க. ரிட்டன் ரோலருன்னு சொல்லுவாங்க. வெறும் பெல்ட்டத்தானே தாங்குதுன்னு அதுங்கள எவனும் குனிஞ்சு பாக்க மாட்டான். சாமி கெளம்புறப்பதான் கூட்டம், திரும்பறப்ப யாரு இருக்கா? நம்ம ராசாம்பாவுக்கு அந்த பெல்ட்டுக்குக் கீழ சிந்துற மண்ணக் கூட்டி அள்ளுற வேல.

அப்புறம் ஒரு நாளு, பெல்ட்டு மேல ஒரு கோடு. கத்தி வெச்சு இழுத்த மாதிரி ஒரே நேரா, தலையில இருந்து வால் வரைக்கும். பெல்ட்டு ரெண்டாக் கிழிஞ்சா கல்லு அத்தனையும் கீழ இருக்கவங்க தலையில. ஃபேக்டரியே நின்னுடும். ஃபோர்மேன் தங்கராசு எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாரு.

"இது யாரு வேல?"

எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால பாத்தாங்க. அப்போ ராசாம்பா போயி ஃபோர்மேன் காதுல சொன்னா, "சேவியரப் பாருங்க சார்."

சேவியரு யாருன்னா, பெல்ட்டு கிழிஞ்சா ஒட்டுறவன். வெளியூர்க்காரன், பேச்சு கம்மி. இடுப்புல எப்பவும் ஒரு வளஞ்ச கத்தி. ராசாம்பா கணக்கு என்னன்னா, கிழிஞ்சாத்தானே அவனுக்கு வேல, அப்ப அவன்தான் கிழிக்கிறான். எப்புடி?

"ம். கரெக்டு."

கரெக்டா? நீயும் அவ கூடப் பொறந்தவதான் போ. ஃபோர்மேன் சொன்னாரு, "மூணு நாளு அவன் மேல ஒரு கண்ணு வையி. சனிக்கிழம காலையில அவன் கேட் பாஸ வாங்கிட்டு அனுப்பிடுறேன்." பெல்ட்டக் கிழிச்சவன்னு பேரு வந்து பாஸு போனா, அந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஃபேக்டரிக்காரன் உள்ள விடமாட்டான். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்கவன் அவன். காதுல சொன்னது அன்னிக்கே அவனத் தவிர எல்லார் காதுக்கும் போயிடுச்சு.

மொத நாளு, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாத்தா. அவன் கத்தியால ஒரு மாங்காய அறுத்தான், உப்புத் தொட்டுத் தின்னான், பல்லு கூசி மூஞ்சியச் சுளிச்சான். அவ்வளவுதான். சாயங்காலம் இவ கோட்டுக்குள்ள ஒரு தீக்குச்சிய விட்டு அளந்து பாத்தா. குச்சி நுனி மருந்து முங்குற ஆழம்.

ரெண்டாம் நாளு, அவன் கை கழுவப் போனப்போ கத்திய எடுத்துத் தன் சோத்துப் பையில போட்டுக்கிட்டா. அவன் நாள் முழுக்கத் தேடுனான். இவளும் கூடவே தேடுனா. சாயங்காலம் அளந்தா கால் குச்சி முங்குது. சரி, வேற கத்தி வெச்சிருக்கான்னு நெனச்சா. சந்தேகம் ஒருத்தர் மேல உக்காந்துட்டா லேசுல எந்திரிக்காது.

மூணாம் நாளு, சேவியரு வரவே இல்ல. மாதா கோயில் தேருக்குன்னு ஊருக்குப் போயிட்டான். கடகட கடகட, பெல்ட்டு ஓடுது. சாயங்காலம் தீக்குச்சிய விட்டா, பாதிக்கு மேல முங்குது. உள்ள இருக்க துணி பல்லு இளிக்குது. ஆளும் இல்ல, கத்தியும் இல்ல, வெட்டு மட்டும் விழுது. தூங்கிட்டியா?

"இல்ல அத்தே. பேயா?"

பேயும் இல்ல பிசாசும் இல்ல. அப்புறம் சனிக்கிழம விடிகாலையில, பெல்ட்டு ஓட்டுறதுக்கு முன்னாடியே போனா. மனுசங்க மேல சந்தேகப்பட்டு முடிச்சாச்சு, மிச்சம் யாரு? குனிஞ்சு கீழ் ரோலருங்களப் பாத்தா. வெத்தலப் பையில இருந்து சுண்ணாம்ப எடுத்து ஒவ்வொரு ரோலரு மூஞ்சியிலயும் ஓரமா ஒரு பொட்டு வெச்சா. பெல்ட்டு கெளம்புச்சு. கோடியில ஒரு ரோலரு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. நீதாண்டி திருடின்னு ஓடிப் போயிப் பாத்தா, அது மூஞ்சியில பொட்டு சுத்திச் சுத்தி வெள்ள வளையமாத் தெரியுது. கத்துனாலும் சுத்துது பாவம். அடுத்தது, கொர கொர, அதுவும் வளையம். அதுக்கடுத்தது, லொட லொட, அதுவும் வளையம். மூணாவது தூணுக்கிட்ட ஒண்ணு. சத்தமே இல்ல. இருக்கறதுலயே நல்ல ரோலரு. அதுல வெச்ச பொட்டு, வெச்சது வெச்ச மாதிரியே நிக்குது.

"சுத்தலியா?"

சுத்தல. அது சுத்தாததால பெல்ட்டு அது மேலயே தேச்சுக்கிட்டுப் போயிருக்கு. சத்தமில்லாம ஒரு மாசமாத் தேச்சு, இரும்பு தேஞ்சு, ஓட்ட விழுந்து, ஓரம் அரிவாமனையா ஆயிடுச்சு. அதுதான் கத்தி. சரி, ஏன் சுத்தல? ரோலரு பூரா மண்ணு அப்பி, செங்கல்லா இறுகிக் கெடக்கு. அங்க மட்டும் ஏன் இறுகுச்சு? அதப் பாத்ததும் ராசாம்பா அப்படியே தரையில உக்காந்துட்டா.

ஒரு மாசத்துக்கு முன்னாடி அந்த ரோலருதான் ரொம்பக் கத்திக்கிட்டு இருந்துச்சு. காது வலிக்குதுன்னு இவதான் தெனம் ஒரு கொடம் தண்ணிய அது மேல ஊத்துனா. தூசும் தண்ணியும் சேந்து அதக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. சத்தம் அடங்குச்சு. வாய மூட வெச்சேன் பாத்தியான்னு இவளுக்குப் பெரும வேற.

"நீ தண்ணி ஊத்துனத சொல்லவே இல்லியே."

அவ ஊத்துனத. சொல்லலதான். அவளும் யாருகிட்டயும் சொல்லல. அப்போகூட என்ன நெனச்சா தெரியுமா? அந்தப் பொட்ட முந்தானையால தொடச்சிட்டுப் போயிடலாம், யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சா. முந்தானைய எடுத்தும்புட்டா. அப்போ கேட்டுப் பக்கம் ஃபோர்மேன் குரல் கேட்டுச்சு. சேவியரு ஊர்ல இருந்து வந்து நிக்கிறான். கையில புள்ளைங்களுக்கு வாங்குன பொரிப் பொட்டலம். பாஸக் குடுன்னு கேக்குறாரு. ஏன் எதுக்குன்னு கூட அவனுக்குத் தெரியல, சட்டப் பையில கைய விடுறான்.

ராசாம்பா ஓடுனா. "சார், அவன் இல்ல சார். கீழ் ரோலரு நின்னு போயி அறுக்குது."

பெல்ட்ட நிறுத்துனாங்க. ஃபோர்மேன் குனிஞ்சு பாத்தாரு. மண்ணச் சொரண்டிப் பாத்தாரு. "இதுல தண்ணி ஊத்துனது யாரு?"

ராசாம்பா முன்னாடி வந்து நின்னா. "நான்தான் சார். அவன் மேல சொன்னதும் நான்தான். கத்திய எடுத்ததும் நான்தான்." சோத்துப் பையில இருந்து கத்திய எடுத்து சேவியரு கையில குடுத்தா.

ஃபோர்மேன் பாஸு கேட்ட கைய மடக்கிக்கிட்டு, ரோலரக் கழட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. சேவியரு கத்திய ஒரு பொரட்டுப் பொரட்டிப் பாத்தான். மெதுவாச் சொன்னான், "ரெண்டு நாளு என் பக்கத்துல உக்காந்து ஒருத்தரும் சாப்பிடலக்கா. ஏன்னு இப்பதான் தெரியுது. கத்தியத் திருப்பிக் குடுத்துட்ட. அந்த ரெண்டு நாள எப்புடிக் குடுப்ப?"

ராசாம்பா மத்தியானம் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் போயி, எல்லாரும் பாக்க அவன் பக்கத்துல உக்காந்தா. அவன் இடுப்புல இருந்த கத்திய எடுத்து, அவளுக்கு எட்டாத பக்கமா மாத்தி வெச்சிக்கிட்டான். அவளுக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா எந்திரிக்கல. மறுநாளும் போயி உக்காந்தா. அதுக்கு மறுநாளும். எத்தன நாள் கழிச்சுக் கத்தி இந்தப் பக்கம் வந்துச்சுன்னு கேக்காத. நாளாச்சு.

"அத்தே, அந்த ராசாம்பா நீதானே?"

யாரு சொன்னா ஒனக்கு? ஒங்கப்பன்தானே? இரு, காலையில அவனக் கேக்குறேன். கதை பெல்ட்டு ஏறிப் போயி, கொட்டிட்டு, வெறுங்கையாத் திரும்பி வந்துடுச்சு. இப்ப நெசமாவே கண்ண மூடி, தூங்கு.