கிணத்துக்குள்ள முகூர்த்தம்

எங்க ஊர் ஓலையாம்பட்டியில ஒரு மன்றம் இருக்கு. விடிவெள்ளி நற்பணி மன்றம்னு பேரு. மொத்தம் நாலே பேர். தலைவர் பரமகுரு, செயலாளர் கோட்டைச்சாமி, பொருளாளர் தவசி, அப்புறம் உறுப்பினர்னு ஒருத்தர், ஐயாக்குட்டி. எந்த முடிவா இருந்தாலும் பொதுக்குழுவைக் கேட்டுத்தான் எடுக்கணும்னு மன்றத்துச் சட்டத்துல இருக்கு. அதனால மத்த மூணு பேரும் ஐயாக்குட்டி வீட்டுக்குப் போயி, தூங்கிக்கிட்டிருக்கிற மனுஷனை உலுக்கி எழுப்பி, பொதுக்குழுவோட ஒப்புதலை வாங்கிட்டுத்தான் ஒரு செடியே நடுவாங்க. தங்கமான ஆளுங்க. இதை முதல்லயே சொல்லிடறேன். மிச்சத்தைக் கேட்டா உங்களுக்கு வேற மாதிரி தோணும்.

இந்த நாலு பேரும் டவுன்ல நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போனாங்க. ஊருக்கு நல்லது செய்யிற மன்றங்கள், சங்கங்கள் எல்லாம் எப்படி வேலை செய்யணும்னு சொல்லிக்கொடுக்கிற முகாம். நடத்தினவரு இன்பசேகரன்னு ஒரு சார். தோள்ல ஒரு ஜோல்னாப் பை, கையில எப்பவும் ஒரு ஸ்கெட்ச் பேனா. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதை எல்லாம் வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்கன்னு வரவேற்றாரு. தவசி விட்டாரு. ஆனா பொருளாளர் இல்லையா, விட்டதைக் காவல் இல்லாம எப்படி விட்டுட்டுப் போறதுன்னு சாப்பாட்டு நேரம் வரைக்கும் வாசல்லயே குத்தவச்சு உட்கார்ந்திருந்தாரு. மத்த மூணு பேருக்கும் விட்டுட்டு வர்றதுக்குப் பெருசா எதுவும் இல்லாததால நேரா உள்ள போய் உட்கார்ந்துட்டாங்க.

சார் நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாரு, குத்தம் சொல்லக் கூடாது. மக்கள் கேக்கிறதை உடனே தூக்கிக் கொடுத்துட்டு வந்துராதீங்க, அவங்க கேக்கிறது தீர்வு, அதுக்குப் பின்னால தேவைன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே போனா அது தானா வெளிய வரும்னாரு. மக்கள் நம்மளைத் தேடி வரக் கூடாது, சேவைதான் மக்கள் இருக்கிற இடத்துக்குப் போகணும்னாரு. எங்க போனாலும் அவங்களோட சரிசமமா உட்காரணும்னாரு. முதல் வேலையா உங்க ஊரைத் தரையில படமா வரைஞ்சு பாருங்க, நானே ஒரு நாள் நேர்ல வந்து பார்க்கிறேன்னு சொல்லி அனுப்பி வச்சாரு.

நாலு பேரும் ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்து வாசல்ல ஊரை வரைஞ்சாங்க. பச்சரிசி மாவுல வரைஞ்சதால ஒரு ஆடு வந்து ரேஷன் கடையை நக்கிட்டுப் போயிருச்சு. அன்னைக்குத்தான் ரேஷன்ல சர்க்கரை போட்டாங்க. நாலு பேரும் வாங்கப் போகலை. இல்லாத கடைக்குப் போய் யார்கிட்ட கேக்கிறதுன்னு வெறும் காப்பியைக் குடிச்சுட்டு இருந்தாங்க.

இப்ப மூக்கையாவைப் பத்திச் சொல்லணும். மூக்கையா பம்புசெட்டு மெக்கானிக். நாப்பதை எட்டிப் பிடிக்கப் போற வயசு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல எல்லாம் பஜ்ஜி கிடைச்சதே தவிர பொண்ணு கிடைக்கலை. கடைசியா பக்கத்து ஊர் சந்தனமாரி சரின்னு சொல்லிச்சு. அதுக்கும் இதே கதைதான். வந்து பார்த்து, பஜ்ஜியைத் தின்னுட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்னு போனவங்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன பொண்ணு. அம்மன் கோயில்ல கல்யாணம், காலையில முகூர்த்தம். அந்தப் பொண்ணோட தாய்மாமன் ஒரு கோபக்காரரு. இந்த முகூர்த்தம் தவறிச்சுன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன், அப்புறம் யார் காலைப் பிடிச்சாலும் நடக்காதுன்னு முதல்லயே சொல்லிட்டாரு.

கல்யாணத்தன்னைக்கு மூக்கையா பம்புசெட்டுல குளிச்சு, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வரப்பு மேல வந்துக்கிட்டிருந்தாரு. பொண்ணு மூஞ்சியைப் பார்த்தா கை நடுங்கும், கண்ணை மூடிக்கிட்டு மூணு முடிச்சுப் போடப் பழகிக்கோன்னு யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கான். மனுஷன் நடக்கும்போதே கண்ணை மூடிக்கிட்டு, ஒரு வாழைநாரை வச்சுப் பழகிக்கிட்டே வந்தாரு. மூணாவது முடிச்சுப் போடும்போது வத்திப்போன தோட்டத்துக் கிணத்துக்குள்ள விழுந்துட்டாரு. அடியில நல்லா மணல் இருந்ததால அடி ஒண்ணும் படலை. ஆனா படி எல்லாம் எப்பவோ இடிஞ்சுபோச்சு. மூணு ஆள் ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் நின்னாத்தான் மேல எட்டும். பாவம், அவரு ஒரே ஆளு.

யாருக்காவது சேவை செய்யணும்னு காலையிலயே கிளம்பிட்ட மன்றத்து ஆளுங்க காதுல அவரு போட்ட சத்தம் விழுந்துச்சு. ஓடிவந்து எட்டிப் பார்த்தாங்க. பார்த்ததும் கோட்டைச்சாமிக்கு முகம் மாறிப்போச்சு. நாம வரைஞ்ச படத்துல இந்த இடத்துல கிணறே இல்லையேன்னாரு. நாலு பேருக்கும் அப்பத்தான் உறைச்சுது. கிணறு இல்லைன்னா மூக்கையா கிணத்துக்குள்ள இல்லை. கிணத்துக்குள்ள இல்லாத ஆளை எப்படி வெளிய எடுக்கிறது? கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துட்டு, ஐயாக்குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவிட்டாங்க. அவரு போய் மாவுல ஒரு கிணத்தைப் போட்டுட்டு, பக்கத்துல நின்ன ஆட்டையும் விரட்டிட்டுத் திரும்பி வந்தாரு. அதுக்கப்புறம்தான் பரமகுரு கீழ குனிஞ்சு வணக்கம் சொன்னாரு.

"அண்ணே, ஒரு கயிறு போடுங்கண்ணே," அப்படின்னாரு மூக்கையா.

"கயிறுங்கிறது தீர்வு தம்பி. தேவையைச் சொல்லு. கயிறு ஏன்?"

"மேல ஏறத்தான்."

"மேல ஏன் ஏறணும்?"

"கோயிலுக்குப் போகணும்ணே. முகூர்த்தம் போகுது."

"கோயிலுக்கு ஏன்?"

"எனக்குக் கல்யாணம்ணே. உங்களுக்கே பத்திரிகை வச்சேனே."

பரமகுரு திரும்பி மத்தவங்களைப் பார்த்துத் தலையாட்டினாரு. இன்னும் ஒரு ஏன் பாக்கி இருக்குன்னு கோட்டைச்சாமி ஞாபகப்படுத்தினாரு.

"கல்யாணம் ஏன் தம்பி?"

மூக்கையா பட்டு வேட்டியில ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாரு. "தனியா சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சுண்ணே," அப்படின்னாரு.

மேல நாலு பேரும் அழுதுட்டாங்க. தவசி துண்டால மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு. தேவை வெளிய வந்துருச்சு, கல்யாணம்தான் தேவைன்னு அங்கயே முடிவாச்சு. கிணத்தை விட்டு வெளிய வர்றது தேவைப் பட்டியல்லயே இல்லை. பொதுக்குழு தூங்காம நேர்லயே இருந்ததால உடனே ஒப்புதலும் கிடைச்சுருச்சு. தம்பி, நீ இருந்த இடத்துலயே இரு, கல்யாணம் உன்னைத் தேடி வரும்னு சொல்லிட்டு நாலு பேரும் கோயிலைப் பார்த்து ஓடினாங்க. கயிறு போட்டுட்டுப் போங்கண்ணேன்னு மூக்கையா கத்தினது கேக்காத தூரத்துக்குப் போயிட்டாங்க.

கோயில்ல தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. மாப்பிள்ளை கிணத்துல இருக்காருன்னு சொன்னதும், அப்ப கிளம்பலாம்னு அவரு செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாரு. சந்தனமாரிதான் எந்திரிச்சுச்சு. அவர் எங்க இருந்தா என்ன, தாலி கட்ட ஆள் இருக்கில்ல, வாங்க போகலாம்னு மாலையைக் கையில சுருட்டிக்கிட்டு முன்னால நடந்துச்சு. பூசாரி, மேளக்காரர், தாய்மாமன், சமையல்காரர், நான் எல்லாரும் பின்னால போனோம். சின்னக் கல்யாணம்தான். மூக்கையாவுக்குச் சொந்தம்னு பெருசா யாரும் கிடையாது.

தேர் இழுக்கிற வடக்கயிறை மன்றத்து ஆளுங்க கோயில்ல இருந்து தூக்கிட்டு வந்துட்டாங்க. நல்ல கயிறு, யானையைக் கட்டி இழுக்கலாம். அதுல ஒரு பலகையைக் கட்டி, பூசாரியை முதல்ல இறக்கினாங்க. அப்புறம் அக்கினிச் சட்டி. அப்புறம் மேளம், மேளக்காரர். பொண்ணை இறக்கும்போது பலகை சுத்தினதுல பாவம் அதுக்குத் தலையும் சுத்திருச்சு. மணல்ல கால் வச்சதும் மேல நிமிர்ந்து பார்த்து அது கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதுல இருக்கு.

"ஏண்ணே, என்னைய இறக்கின கயித்துல அவரை ஏத்தியிருக்கலாம்ல?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க. பயிற்சி இல்லாதவங்க எப்பவும் இப்படித்தான் தீர்வுல இருந்து ஆரம்பிப்பாங்கம்மா, நீ கவலைப்படாதேன்னு பரமகுரு ரொம்ப அன்பாச் சொன்னாரு. அதுக்கு மேல பேச நேரம் இல்லை. பூசாரி அவசரப்படுத்தினாரு. மூக்கையா கண்ணைத் திறந்துக்கிட்டே மூணு முடிச்சும் போட்டாரு, கை நடுங்கவே இல்லை. கிணத்துக்குள்ள கெட்டிமேளம் அடிச்சா எப்படி இருக்கும்னு கேக்காதீங்க, எனக்கு ரெண்டு நாள் காது அடைச்சுப்போச்சு. தாய்மாமனே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

அடுத்தது சாப்பாடு. அண்டா, இலை, சமையல்காரர், தாய்மாமன்னு எல்லாம் இறங்குச்சு. பந்தி கீழதான்னு ஆனதுக்கப்புறம் நான் மட்டும் மேல நின்னு என்ன செய்ய, நானும் இறங்கினேன். பாயசம் அருமை.

அந்த நேரம் பார்த்து இன்பசேகரன் சார் வந்து சேர்ந்தாரு. ஊருக்குள்ள மன்றத்து ஆளுங்க ஒருத்தரையும் காணோம்னு தேடிக்கிட்டு, மேளச் சத்தம் வந்த பக்கமா வந்திருக்காரு. கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோச்சு. எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன், மக்கள் இவ்வளவு ஆழமா பங்கெடுத்து எங்கயும் பார்த்ததில்லைன்னாரு. கோட்டைச்சாமி அவரை அங்கயே மேல நிக்க விடலை. மக்களோட சரிசமமா உட்காரணும்னு நீங்கதானே சார் சொன்னீங்கன்னு பலகையில உட்கார வச்சு இறக்கிவிட்டாரு. சார் இறங்கினதும், அப்ப நாம மட்டும் மேல நிக்கிறது மரியாதை இல்லையேன்னு பரமகுரு, கோட்டைச்சாமி, தவசி மூணு பேரும் வரிசையா இறங்கிட்டாங்க. ஐயாக்குட்டி மட்டும் கயிறைப் பிடிச்சுக்கிட்டு மேல நின்னாரு. பொதுக்குழு இல்லாம கூட்டம் நடக்காதுன்னு கீழ இருந்து தலைவர் கூப்பிட்டதும், கயிறைச் சுருட்டிக் கீழ போட்டுட்டு அது மேலயே அவரும் குதிச்சுட்டாரு.

கயிறைப் பிடிக்க மேல ஒருத்தரும் இல்லைன்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. எல்லாரும் மேல இருந்த வட்ட வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னோம். மூக்கையா முகம்தான் பார்க்கச் சகிக்கலை. கல்யாணம் ஆகியும் வீட்டுக்குப் போக முடியலையேன்னு சந்தனமாரி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. சார் தொண்டையைச் செருமிக்கிட்டு, இந்த நல்ல நாள்ல ரெண்டு வார்த்தை பேசறேன்னு ஆரம்பிச்சாரு. ஒரு மன்றம்னா அது ஏணி மாதிரி, தான் கீழ நின்னு மக்களை மேல ஏத்திவிடணும்னு அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள சந்தனமாரி குறுக்க வந்துச்சு.

"அப்படின்னா சுவரோரமா கொஞ்சம் நில்லுங்க சார். அண்ணன்களும் நில்லுங்க."

சொந்த வாயால சொன்னதை யார்தான் மறுப்பாங்க. சார், பரமகுரு, கோட்டைச்சாமி மூணு பேரும் கீழ நின்னாங்க. அவங்க தோள் மேல தவசியும் ஐயாக்குட்டியும். அதுக்கு மேல மூக்கையா ஏறி, விளிம்பைப் பிடிச்சு எம்பி வெளிய போய் விழுந்தாரு. அடுத்து சந்தனமாரி, இடுப்புல வடக்கயிறு நுனியைக் கட்டிக்கிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறுச்சு. புருஷன் கை கொடுத்தாரு. அப்புறம் பூசாரி, தாய்மாமன், சமையல்காரர், நான். மேளக்காரர் மேளத்தோட ஏறினதுல தவசிக்குக் கழுத்து கொஞ்சம் சுளுக்கிக்கிச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டோம். ஏணியா நின்னவங்க அஞ்சு பேர் மட்டும் உள்ள இருந்தாங்க.

சந்தனமாரி கயிறை இழுத்து, கிணத்தோரமா நின்ன வேப்பமரத்துல ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டுச்சு. மறு நுனியைக் கையில வச்சுக்கிட்டுக் கீழ எட்டிப் பார்த்துச்சு. நல்ல மனசு அதுக்கு. கட்டின புருஷனோட உடனே கிளம்பிப் போயிருக்கலாம்.

"அண்ணே, கயிறு போடட்டுமா?"

கீழ இருந்து பரமகுரு கையை உயர்த்தித் தடுத்தாரு. நீங்களா ஒரு முடிவுக்கு வரக் கூடாதும்மா, எங்க தேவை என்னன்னு நாங்க பேசிச் சொல்றோம்னாரு. அஞ்சு பேரும் மணல்ல வட்டமா உட்கார்ந்தாங்க. கயிறு ஏன்னு சார் கேட்டாரு. மேல போகன்னாரு தவசி. மேல ஏன் போகணும்? மக்களுக்குச் சேவை செய்ய. சேவை செய்யப் போனவங்க ஏன் கிணத்துல இருக்கோம்? இதுக்குப் பதிலைத் தவசி மணல்ல எழுதி எழுதி அழிச்சாரு. வெயில் உச்சிக்கு வந்து கிணத்துக்குள்ள விழுந்துச்சு. மூக்கையா வேப்பமரத்து நிழல்ல பொண்டாட்டிக்கு விசிறிக்கிட்டிருந்தாரு. கடைசியில ஐயாக்குட்டி எந்திரிச்சு ஏதோ சொன்னாரு, எல்லாரும் கை தட்டினாங்க, சார் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

பரமகுரு எங்களைப் பார்த்து நிமிர்ந்தாரு. "அம்மா, ஒருமனதா முடிவாயிருச்சு. எங்களுக்குப் பயிற்சி பத்தலை. சார் இப்பவே இங்கயே ஆரம்பிக்கிறாரு. நீங்க அந்தக் கயித்துல பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைக் கட்டி இறக்கிவிட்டுட்டு, கயிறைக் கோயில்ல திருப்பிக் கொடுத்துருங்க."