தும்பை வளர்த்த சடைமுத்தார்

உலகத்துச் சைவப் பெருமக்கள் அனைவரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய மாபெரும் சரித்திரம் ஒன்று உண்டு. முள்ளிக்குறிச்சிச் சிவன் கோயிலின் வடக்கு மதிலை ஒட்டிய துண்டு நிலத்தில் ஒருவர் களை வளர்த்தார்.

களை என்பது ஊரார் வைத்த பெயர். சடைமுத்தார் வளர்த்தது தும்பை, வெள்ளெருக்கு, நாயுருவி, ஊமத்தை. வேலியோரம் இருமலுக்குத் தூதுவளை. மற்றவர்கள் பிடுங்கி வரப்பில் எறிந்ததை எடுத்துவந்து நட்டுத் தண்ணீர் ஊற்றிய ஒரே விவசாயி அவர்தாம். விடிந்ததும் குளித்துவிட்டு, பனி காயுமுன் தும்பைப் பூவை ஒவ்வொன்றாகக் கிள்ளுவார். அரிசிமணி போன்ற பூ. பூக்குடலையின் அடி மறைவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அதைக் குருக்கள் வாங்கி லிங்கத்தின்மேல் சாத்திய பிறகுதான் இவர் தொண்டையில் கஞ்சி இறங்கும். தம் கையால் வளர்த்த பூ இறைவன் முடியேறாமல் உண்பதில்லை என்பது இளமையில் அவர் ஏற்ற நோன்பு. வீட்டில் கஞ்சியே இல்லாதவனுக்கு நோன்பு என்ன கஷ்டம் என்று ஊரில் சிரித்தார்கள்.

மனைவி அன்னக்கொடி நெஞ்சுச்சளி கண்டு இறந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தூதுவளை குடுத்தியே பெருசு, சொந்த வீட்டு இருமலுக்கு ஒண்ணும் முளைக்கலியா?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான்.

"குடுத்தேன் தம்பி. அவளுக்குப் போற நேரம் வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு, சடைமுத்தார் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அவ்வாண்டு பெருவிழாவுக்கு முன் கோயிலைச் சுத்தம் செய்ய, விழாக் குழுத் தலைவர் தணிகாசலம் நகரத்திலிருந்து உழவாரப்பணிக் குழு ஒன்றை வரவழைத்தார். தம் பெயருக்கு முன்னால் 'சிவநெறிச் செம்மல்' என்று தாமே அச்சடித்துக்கொண்டவர் அவர். வந்தவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரிக் காவிச் சட்டை, கையில் புத்தம் புதுக் களைக்கொத்து. மதிலுக்குள் பிடுங்குவதற்கு அதிகம் இல்லை. பஸ் பிடித்து வந்த பக்தி வீணாகலாமா? மதில் இடிந்திருந்த வழியாக வடபுறம் இறங்கினார்கள். பதிகம் பாடிக்கொண்டே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, டிராக்டரில் ஏற்றி, ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்தியும்விட்டார்கள்.

அன்றைய பூவைக் கொடுத்துவிட்டுச் சாணம் பொறுக்கப் போயிருந்த சடைமுத்தார் திரும்பியபோது, நிலம் மொட்டையடித்த தலையாகக் கிடந்தது.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

"ஒரே புதர் ஐயா. பாம்பு அடையும். சிவாயநம," என்றார் குழுவை நடத்தி வந்தவர், வியர்வையைத் துடைத்தபடி. நிற்க அவருக்கு நேரமில்லை; மண்டபத்தில் சொற்பொழிவு இருந்தது. தலைப்பு, 'ஈசன் உவக்கும் தும்பை'. பொன்மலரினும் தும்பையே உயர்ந்தது என்று அவர் உருகியபோது கூட்டம் கண்ணீர் விட்டது.

மறுநாள் காலை குடலை வெறுமையாக இருந்தது. குருக்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

"நான் ரெண்டு வில்வம் தர்றேம்ப்பா. குடுத்துட்டுச் சாப்பிடு. சாமி கோவிச்சுக்க மாட்டார்."

"நான் வளர்த்தது இல்லியே சாமி. சொன்ன சொல்லு ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். மத்ததைத்தான் புடுங்கிட்டாங்களே."

தணிகாசலமும் வந்து பார்த்தார். "களைதானய்யா, ஒரு மழை பேஞ்சா தானா முளைச்சுட்டுப் போகுது! அதுக்காகப் பட்டினி கிடப்பியா? திருவிழா நேரத்துல எங்க பேரைக் கெடுக்கணும்னே பண்றே."

மழை பெய்யவில்லை. சடைமுத்தார் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். பிறகு அரைக்குடமாயிற்று. பிறகு செம்பாயிற்று. மண்ணில் தங்கியிருந்த விதை முளைத்தது. இலை விட்டது. பூப்பதற்கு அதற்கு நாள் இருந்தது, அவருக்கு இல்லை. கொடியேற்றத்தன்று விடியலில், நாற்றுகளின் நடுவே செம்பைப் பிடித்தபடி அவர் சிவகதி அடைந்தார்.

கோயிலை ஒட்டிச் சவம் கிடக்கும்வரை நடை திறக்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். கொடிமரத்தடியில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"சாகறதுக்கு வேற நாளே கிடைக்கலியா இவனுக்கு? சீக்கிரம் தூக்குங்கய்யா!" என்று தணிகாசலம் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அழ ஆளில்லாத உடலைக் கூலியாட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகே குருக்கள் பூட்டைத் திறந்து கருவறைக்குள் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். முந்தின இரவு சாத்திய ரோஜா மாலை கீழே கிடந்தது. லிங்கம் உச்சி முதல் ஆவுடை வரை வெள்ளை வெளேரென்று தும்பை. பனிகூடக் காயாத பூ. ஊரில் பூத்த தும்பைச் செடி ஒன்றுகூட அன்று இல்லை.

குருக்கள் வெளியே ஓடிவந்து, சுடுகாடு இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போட்டாச்சுப்பா சடைமுத்து," என்று விம்மினார். "போட்டாச்சு. சாப்பிடு."

பூவற்ற நிலத்திலும் சொல் வாடாமல் காத்த சடைமுத்தார் திருவடி வாழ்க.

கொடியேற்றம் தாமதமானதற்கு விழாக் குழுவினர் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவித்தார்கள்.