முன்னால் போகிற வண்டி

சத்தியம்! வெறும் வாய்ச் சத்தியம் இல்லை. என் இரண்டு கண்ணின் மேல், வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யானால் நான் அள்ளும் அடுத்த கவளம் மணலாகப் போகட்டும். என்னுடைய மற்ற கதைகளைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், மடியில் டீ ஃபிளாஸ்க்கோடு.

மஸ்கட்டுக்குத் தெற்கே வஹீபா மணல்காடு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் நம் ஆட்கள் சிலர் ஃபோர் வீல் வண்டிகளை எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். கூட்டிப் போகிறவர் மைமூன் டீச்சர். கீழக்கரைக்காரர். மற்ற நாட்களில் ஊருக்குள் டிரைவிங் சொல்லிக் கொடுக்கும் வேலை. வயது நாற்பதைத் தாண்டவில்லை. மணலைக் கையில் அள்ளிப் பார்த்து, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று சொல்வார். காற்றளக்கும் கேஜ் வைத்துச் சரிபார்த்தால் கேஜ்தான் தப்பாக இருக்கும்.

அவரிடம் பாடம் படித்தவர் ராயப்பன். இடிந்தகரைக்காரர், வெள்ளை மீசை, டீச்சரைவிடப் பல வயது மூத்தவர். கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய வண்டியைத் தேர் என்றுதான் சொல்ல வேண்டும். கூரையில் ஏணி, முன்னால் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச், பக்கத்தில் மண்வெட்டி, நெற்றி முழுக்க விளக்கு. ஒரு சாயங்காலம் அத்தனை விளக்கையும் போட்டபோது மேலே போன விமானம் சக்கரத்தை இறக்கிவிட்டது. பைலட்டின் முகத்தை நானே பார்த்தேன்.

ராயப்பனுக்கு ஒரே ஓர் ஆசை. முன்னால் போகிற வண்டியில் ஒரு சிவப்புக் கொடி பறக்கும். அந்தக் கொடி அவர் வண்டியில் பறக்க வேண்டும். யார் முன்னால் போய் எல்லோரையும் தார்ரோட்டில் சேர்க்கிறாரோ, அதன்பிறகு கொடி அவருக்கு. அதுதான் எங்கள் வழக்கம்.

"டீச்சர், கொடி எப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"வண்டி ஓட்டத் தெரியணும், அண்ணே."

"எனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு டீச்சர் தன் வண்டிக்கு நடப்பார். ராயப்பன் என்னைப் பார்ப்பார். நான் டீ ஊற்றுவேன்.

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு சித்திரை மாதம். கோடைக்கு முன் அதுதான் கடைசிப் பயணம். காலையில் மணலின் விளிம்பில் எல்லோரும் சக்கரம் புதையாமலிருக்க டயர் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் வண்டியைக் கொண்டு வரவில்லை. கொடிக் கம்பை எடுத்து ராயப்பன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்க முன்னால. நான் உங்க பக்கத்துல உக்காந்து வர்றேன்."

ராயப்பன் கொடியைக் கட்டின வேகத்தில் கம்பே வளைந்தது.

நான்கு வண்டிகள். ராயப்பன் முதலில், அவர் பின்சீட்டில் நான். அடுத்து ஒரு புதுக் கல்யாண ஜோடி. மூன்றாவது, அன்றைக்கு முதல் தடவை வந்த குணாளன். தருமபுரிப் பையன், ஏசி மெக்கானிக், பழைய வண்டி, டயரெல்லாம் தேய்ந்து வழுக்கை. கடைசியில் ஹமீது, நல்ல ஓட்டுநர்.

ராயப்பன் குணாளனின் வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏலே, இவ்வளவு பாரத்தோட மணல்ல போனா அமுங்கிருவ. தண்ணி கேனு, மண்வெட்டி எல்லாத்தையும் என் வண்டியில போடு."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"என் வண்டி தாங்கும்லே."

நல்ல மனசோடுதான் சொன்னார். கேனும் மண்வெட்டியும் என் முதுகுக்குப் பின்னால் வந்து விழுந்தன. டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயப்பன் ஓட்டினதை என்னவென்று சொல்ல! மேட்டில் ஏறும்போது எங்கே மிதிக்க வேண்டும், உச்சியில் எங்கே காலைத் தளர்த்த வேண்டும், எல்லாம் கச்சிதம். என் ஃபிளாஸ்க்கில் டீ அலுங்கவில்லை. குணாளனோ ஒவ்வொரு மேட்டிலும் பாதியில் பயந்து காலை எடுத்தான். எடுத்ததும் சக்கரம் புதைந்தது. எல்லோரும் நின்றோம், இழுத்தோம், மறுபடி போனோம், மறுபடி நின்றோம்.

ராயப்பன் வாக்கி டாக்கியை எடுத்தார். அது எல்லா வண்டியிலும் கேட்கும்.

"ஏலே குணாளா, மணலுக்கு முத்தம் குடுக்கவாலே வந்த?"

எல்லா வண்டியிலிருந்தும் சிரிப்பு வந்தது. குணாளனிடமிருந்து சத்தமில்லை.

இன்னொரு தடவை அவன் புதைந்தபோது ராயப்பன் வரிசையை மாற்றினார்.

"குணாளன் கடைசியில வரட்டும். நடுவுல நின்னா எல்லாரும் நிக்க வேண்டியிருக்கு. ஹமீது, நீ முன்னால ஏறிக்க. சரிதானே டீச்சர்?"

"கொடி உங்ககிட்ட இருக்கு," என்றார் டீச்சர்.

வண்டி கிளம்பியது. டீச்சர் கையை நீட்டி, நடுவில் தொங்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முக்காட்டைச் சரிசெய்தார். கண்ணாடியைத் திரும்ப வைக்கவில்லை. ராயப்பன் அதைக் கேட்கவும் இல்லை. அவர் கண் முன்னால் இருந்தது.

மாமியார் மேடு என்று நாங்கள் பேர் வைத்த ஒரு மேடு உண்டு. அதன் உச்சியில் நின்றால் கீழக்கரைக் கடல் தெரியும். படகில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் சரியாகத் தெரியாது. அந்த மேட்டை ராயப்பன் ஒரே மூச்சில் ஏறினார். பிறகு வேகம் கூடியது. பள்ளம், மேடு, பள்ளம், மேடு. மத்தியான வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் தார்ரோடு கறுப்பாகத் தெரிந்தது.

ராயப்பன் குதித்து இறங்கினார். கம்ப்ரசரை மாட்டி முதல் வேலையாகத் தன் டயர்களுக்குக் காற்றடித்தார். அடித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"எப்படி டீச்சர்? கொடி என்னோடதுதானே?"

டீச்சர் ஹமீதின் வண்டிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"குணாளன் எங்க?"

ஹமீது திரும்பிப் பார்த்தான். மணல்தான் இருந்தது.

"பின்னாடி வந்துட்டுதான் இருந்தான், டீச்சர். அண்ணன் போன வேகத்துக்கு அவரைப் பிடிக்கவே எனக்குச் சரியா இருந்துச்சு."

வாக்கியில் கூப்பிட்டார்கள். பதிலில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கரகரப்புகூட இல்லை.

ராயப்பனின் மீசை துடித்தது.

"நீங்கதானே கண்ணாடிய வச்சிருந்தீங்க? பாத்துட்டே வந்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணாடியத் தாங்கன்னு நீங்க எப்பக் கேப்பீங்கன்னு உங்க முகத்தையே பாத்துட்டு வந்தேன்," என்றார் டீச்சர். "பின்னால பாக்கல."

டீச்சரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாடம் சொல்லித் தர நினைத்தவரும் பின்னால் பார்க்க மறந்திருந்தார்.

"அவன்கிட்டத் தண்ணி இருக்கா?" என்று ஹமீது கேட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் சீட்டுக்குப் பின்னால் அவனுடைய தண்ணீர்க் கேன் நிறைந்தபடியே இருந்தது. பக்கத்தில் மண்வெட்டி.

ராயப்பனும் பார்த்துவிட்டார். கேனின் மேல் கையை வைத்து அப்படியே நின்றார்.

டீச்சர் குனிந்து, ராயப்பன் வண்டியின் முன்சக்கரத்தில் காற்றைத் திறந்துவிட்டார். உஸ்ஸென்ற சத்தம். இப்போதுதான் அடித்த காற்று. அடுத்த சக்கரத்துக்கு ராயப்பனே ஓடினார்.

கல்யாண ஜோடியை ரோட்டிலேயே இருக்கச் சொன்னோம். ஹமீது எங்கள் பின்னால் வந்தான். ராயப்பன் சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க டீச்சர்."

"வந்த வழி உங்களுக்குத்தான் தெரியும்."

"டீச்சர்..."

"ஓட்டுங்க."

காற்று எழும்பியிருந்தது. வந்த தடத்தின் விளிம்புகள் உதிர்ந்துகொண்டிருந்தன. வரும்போது கண்மூடித் திறப்பதற்குள் கடந்த தூரத்தை இப்போது ராயப்பன் ஊர்ந்து கடந்தார். ஒவ்வொரு மேட்டிலும் நிறுத்தினார். ஹமீதின் வண்டி வந்து சேரும்வரை நின்றார். பிறகு இறங்கி மணலில் மண்டியிட்டுத் தடத்தைப் பார்த்தார். மூன்று வண்டிகளின் டயர்ப் பூ மணலில் பதிந்திருந்தது. வழுக்கை டயர் இழுத்த வழுவழுப்பான கோடு எங்கேயும் இல்லை.

"இவ்வளவு தூரம்கூட அவன் வரலியா," என்றார். தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்.

அடுத்த மேட்டிலும் இல்லை. அதற்கடுத்த மேட்டிலும் இல்லை. டீச்சரின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. என் மடியில் ஃபிளாஸ்க் அலுங்கியது. அன்றைக்கு நான் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை என்றால் நம்புங்கள்.

மாமியார் மேட்டின் உச்சிக்கு இந்தப் பக்கமாக ஏறி நின்றோம். அந்தப் பக்கம் கீழே, கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தில், வெள்ளையாக ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது. மேட்டில் ஏறப் பார்த்து, சறுக்கி, மறுபடி ஏறப் பார்த்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொரு கோடும் பாதியில் முடிந்திருந்தது.

ராயப்பன் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போனது. விழுந்தார், எழுந்தார், கேனை விடவில்லை.

குணாளன் வண்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவின் மூடியால் சக்கரத்தைச் சுற்றி மணலை அள்ளிக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் மூடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. எல்லாருக்கும் தொந்தரவு."

ராயப்பன் கேனைச் சாய்த்துப் பிடித்தார். அவன் குடித்தான். பாதி நெஞ்சில் வழிந்தது.

"மெதுவாலே. மெதுவாக் குடி."

"வாக்கியில கூப்பிட்டோமே," என்று ஹமீது கேட்டான்.

"பேட்டரி போயிருச்சுண்ணே."

அவன் வண்டிக்குள் கிடந்த வாக்கியை நான் எடுத்துப் பார்த்தேன். திருகினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவனே அணைத்து வைத்திருக்கிறான். யாரும் பார்ப்பதற்குள் அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"பயந்துட்டியாலே?" என்று ராயப்பன் கேட்டார்.

"முதல்ல கொஞ்சம். அப்புறம் இல்லண்ணே. முன்னால போற வண்டி பின்னால வர்றவனப் பாத்துக்கிட்டேதான் போகும்னு டீச்சர் காலையில சொன்னாங்க. நீங்கதானே முன்னால போனீங்க. எங்கேயும் நடந்து போயிராம இங்கேயே இருந்தா வந்துருவீங்கன்னு தெரியும்."

ராயப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மணலைப் பார்த்தார்.

பிறகு வேலை. சக்கரத்தைச் சுற்றித் தோண்டினோம். குணாளன் மண்வெட்டியைக் கேட்டான், ராயப்பன் தரவில்லை. அவரே தோண்டினார். கயிறு கட்டி, ஹமீது மேலிருந்து இழுத்தான். வெள்ளை வண்டி உறுமி, நகர்ந்து, மேட்டின் தோளில் வந்து நின்றது. வெயில் மஞ்சளாகிவிட்டது.

ராயப்பன் தன் வண்டிக்குப் போனார். குணாளனின் கேனை, மண்வெட்டியை, கூடவே தன்னுடைய இன்னொரு கேனையும் கொண்டுபோய் அவன் வண்டியில் வைத்தார். திரும்பி வந்து கொடிக் கம்பின் முடிச்சை அவிழ்த்தார். நேரமெடுத்தது. கொடியை டீச்சரிடம் நீட்டினார்.

"இது எனக்கு வேண்டாம், டீச்சர்."

"ஏன்?"

"பயமா இருக்கு."

டீச்சர் கொடியை வாங்கவில்லை. கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார்.

"நான் கடைசியிலயே வர்றேன்," என்றார் ராயப்பன். "நீங்க போங்க முன்னால. உங்களுக்குப் பயம்னு ஒண்ணு கிடையாது."

"எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்டு, அண்ணே. கொடியக் கட்டிட்டு வண்டிய எடுங்க."

ராயப்பன் கொடியோடு வண்டிக்குத் திரும்பினார். பிறகு முடிச்சைப் போட்டார். நடுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, தார்ரோடு வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்கு யார் சொன்னது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ரொம்பத் துருவினால், வழியில் யாரோ ஒரு கிழவன், முகம் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள்.