மரத்துப்போன கால்

"அம்மா, என் வலது கால் இருக்கிறதே தெரியலை."

முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த குரு திரும்பவில்லை.

"அப்ப யார் காலால மிதிக்கிறீங்க அண்ணே?"

குருவின் பெயர் செங்கமலம். ஆற்றங்கரை மடத்தில் இருப்பவர். சீடர் நல்லபெருமாள் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை அம்மா என்பார்.

வேறு நாளாக இருந்தால் நல்லபெருமாள் சிரித்திருப்பார். இன்று முடியவில்லை.

மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கரைப் பாதை போன மழையில் அரித்துக் கிடப்பதால் ஆட்டோ பாலத்தோடு திரும்பிவிட்டது. பாலத்தைத் தாண்டி வெகுதூரத்தில், காய்ந்த ஆற்றுக்குள் வெள்ளரி போட்டு, குடிசை கட்டியிருக்கிறாள் நல்லபெருமாளின் தங்கை மயிலம்மா. கூட இரண்டு பிள்ளைகள். போன் சுவிட்ச் ஆஃப்.

சைக்கிள்தான் போகும்.

கால் மறுபடி பெடலை விட்டு நழுவியது. நல்லபெருமாள் நிறுத்தினார். வாட்ச்மேன் வேலைக்குப் போன காலத்தில் வாங்கிய ஷூ. குனிந்து, கயிற்றை இழுத்து இறுக்கினார். அதன் மேல் இன்னொரு முடிச்சு.

"இனி நழுவாது."

குரு பார்த்தார். மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச தூரம்தான் போனார்கள். கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நல்லபெருமாள் காற்றை மிதித்தார். சைக்கிளோடு போய்க் கருவேல முள்ளில் விழுந்தார். எழுந்தார். மறுபடியும் குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்தார்.

குரு தன் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே போட்டார்.

"கழட்டுங்க."

"நேரமில்லம்மா. வழி விடுங்க."

"ஷூவைக் கழட்டுங்க அண்ணே."

"தண்ணி வருதும்மா!"

"வருது. உட்காருங்க."

நல்லபெருமாளுக்குக் கண் சிவந்தது.

"உனக்கென்ன, மடத்துல உட்கார்ந்து பேசுறவ! ஆத்துக்குள்ள இருக்கிறது என் தங்கச்சி!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'உனக்கு' அவர் காதிலேயே விழுந்தது.

குருவின் முகம் மாறவில்லை. எட்டி அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். களை பிடுங்கிக் காய்த்த கை.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்க நழுவிடக் கூடாதில்ல."

இறுக்கினார். இன்னும் இறுக்கினார். நல்லபெருமாளின் விரல்கள் வெளுத்தன.

"விடுங்கம்மா, கை மரத்துப்…"

பாதியில் பேச்சு நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

முடிச்சு அவிழவில்லை. குரு சேலை ஊக்கைக் கழற்றி முடிச்சுக்குள் விட்டு நெம்பினார். பாதத்தின் மேல் கயிறு வரிவரியாகப் பதிந்திருந்தது.

"விரலை ஆட்டுங்க."

"எவ்வளவு நேரம்?"

"இருக்கேன்னு அது சொல்ற வரைக்கும்."

தூரத்தில் ஏதோ இரைந்தது. காற்றா, தண்ணீரா, தெரியவில்லை. நல்லபெருமாள் துள்ளி எழப் பார்த்தார். குரு தோளை அழுத்தினார்.

"எறும்பு ஊறுது."

"ஊறட்டும்."

"ஐயோ, ஊசி குத்துதும்மா!"

"இப்ப மாட்டுங்க. ரெண்டு ஷூவும் தொளதொளன்னு இருக்கட்டும், உள்ள விரல் அசையணும். நடுப்பாதத்தால மிதிக்காதீங்க, முன்பாதத்தை வையுங்க. பெடலைப் போட்டு அமுக்காதீங்க, சுத்துங்க. ஏறுங்க."

இந்த முறை நல்லபெருமாள் முன்னால் போனார்.

குடிசை தெரிந்தது. மயிலம்மா கொடிகளுக்கு நடுவே குனிந்திருந்தாள். கத்திக் கூப்பிட்டார். கேட்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையிலிருந்து குதித்தார். மணலில் புதைந்து ஷூ இரண்டும் கழன்றன. எடுக்க நிற்கவில்லை.

சின்னவனைத் தோளில் போட்டார். பெரியவளைக் கையில் பிடித்தார். மயிலம்மா பறித்த காயைச் சாக்கோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"போடுடி அதை!"

"ஒரு வாரக் காய்ண்ணே!"

"போடுன்னா!"

போட்டாள். ஓடினார்கள்.

கரையேறித் திரும்பியபோது தண்ணீர் பழுப்பாகக் கொடிகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. குடிசை ஒருமுறை ஆடியது. பிறகு கூரை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

சின்னவன் விக்கி விக்கி அழுதான்.

மூச்சு அடங்கியதும் மயிலம்மா அண்ணனின் காலைப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"ஏண்ணே, இந்த வெயில்ல வெறுங்காலோடயா ஓடியாந்த? மணல் சுடலையா?"

நல்லபெருமாள் குருவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"சுட்டுது புள்ள," என்றார். "ரெண்டு காலும் சுட்டுது."