ராசாவின் வாய்க்குள் போய்வந்த பொடிச்சி

அந்தக் காலத்தில் கடலுக்குள் எல்லா மீனுக்கும் பேச்சு வரும். பேச்சு வந்தால் வம்பு வராமல் இருக்குமா? வந்தது, தாராளமாகவே வந்தது.

மன்னார் வளைகுடாவில் மேற்கே ஒரு பாறைப் பள்ளம். அது களவா மீன்களின் ராஜ்ஜியம். ஒவ்வொரு களவாவும் கல்யாண வீட்டு அண்டா அளவு இருக்கும், வாயும் அதே அளவு. கிழக்கே பொந்தும் குகையுமாகக் கிடந்தது அஞ்சாலைகளின் ராஜ்ஜியம். பாம்பு போல நீளம், வாய் நிறைய ஊசிப்பல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பவளப்பார், அதாவது பவளப் பாறைத்திட்டு, இருந்தது. அங்கே கீற்று மீன்கள் என்றொரு பொடி இனம் குடியிருந்தது. சுண்டுவிரல் நீளம்தான், தலை முதல் வால் வரை ஒரு கறுப்புக் கீற்று. அவர்களுக்குப் படை கிடையாது. பல் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கும் அது நாடுதானே!

அந்த நாட்டுக்காரிதான் பொடிச்சி. பொடி மீன்களிலேயே அவள் பொடி, ஆகவே அந்தப் பெயர். வாய் மட்டும் சும்மா இருக்காது. கீற்று மீன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிரில் நிற்பவர் உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் பேன் கண்ணில் பட்டால் பேச்சோடு பேச்சாக அதைக் கொத்தி எடுத்துத் தின்றுவிட வேண்டும். எடுக்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. பொடிச்சி இந்த மரியாதையில் கெட்டிக்காரி. ஒரு பேனையும் விட்டதில்லை.

களவாக்களுக்கும் அஞ்சாலைகளுக்கும் ஓயாத போர். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அரிப்பு! இரண்டு கூட்டத்துக்கும் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு. எந்த மீனாலும் தன் செவுளைத் தானே பார்க்க முடியுமா? கையும் இல்லை, சொறிந்துகொள்ளவும் வழியில்லை. "அஞ்சாலைதான் செய்வினை வச்சிருக்கு" என்றன களவாக்கள். "களவா கக்குற அழுக்குத் தண்ணிதான் இங்கே வருது" என்றன அஞ்சாலைகள். இருவரும் மோதிக்கொள்ளும் இடம் எது? வேறு எது, நடுவில் இருக்கும் சின்னப் பார்தான். மூன்று போரில் பாதிப் பவளம் நொறுங்கிப் போனது. நாலாவது போர் வந்தால் மிச்சமும் போய்விடும். அப்புறம் கீற்று மீன்கள் வெட்டவெளிக் கடலில் அலைய வேண்டியதுதான். அங்கே கண்டவனுக்கெல்லாம் அவர்கள் ஒரு வாய்த் தீனி.

"என் வீட்டை விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்று பொடிச்சி அழாத குறையாகக் கேட்டாள்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் நெடுங்கீற்றி. அந்த நாட்டின் தலைவி அவள். "ரெண்டு பேரையும் நம்ம பாருக்கே கூப்பிட்டுப் பேச வைப்போம்."

சொன்னபடியே அழைப்பு போனது. இருவரும் வரச் சம்மதித்தார்கள். அதுவே பெரிய சங்கதி! நெடுங்கீற்றி தன் சனத்தைக் கூட்டி ஒரே ஒரு கட்டளை போட்டாள். "வர்ற விருந்தாளி மேல ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது. நம்ம பழக்கம் அவங்களுக்குத் தெரியாது. கடிச்சுட்டோம்னு நினைச்சா தொலைஞ்சோம். ஏட்டி பொடிச்சி, உன்னைத்தான் சொல்றேன்."

"என்னை ஏன்க்கா தனியாச் சொல்றீங்க?"

"உன்னைச் சொல்லாம வேற யாரைச் சொல்ல?"

களவா ராசா பெருவாயன் தன் படையோடு வந்தார். அஞ்சாலை ராணி புள்ளியரசி தன் படையோடு வந்தாள். காலைப் பொழுது முழுக்க யார் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்பது என்பதிலேயே கழிந்தது. ஒருவழியாக நின்றார்கள். ராசாவுக்குப் பக்கத்தில் நின்று உபசரிக்கும் வேலை பொடிச்சிக்கு. நெடுங்கீற்றி வேறு ஆள் தேடாமல் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் பயந்து பவளத்துக்குள் ஒளிந்துவிட்டார்கள்.

"பாறையில தேய்ச்சுத் தேய்ச்சு என் சனத்துக்குச் செதிலே போச்சு!" என்று ராசா உறுமினார்.

"என் பிள்ளைக தூங்கி ஒரு மாசமாச்சு! எல்லாம் உம்மாலதான்!" என்று ராணி சீறினாள்.

"என்னாலயா? அப்படின்னா போர்தான்! படைகளே..." என்று ராசா வாயை அகலத் திறந்தார்.

திறந்த வாய்க்குள், நாக்குக்கு அடியில், கொழுகொழுவென்று ஒரு பேன்!

பொடிச்சிக்குக் கட்டளையும் மறந்தது, உயிரும் மறந்தது. விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மீனுக்கு இமை இல்லை. இருந்திருந்தால் நெடுங்கீற்றி கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பாள். கொத்தி முடித்த பிறகுதான் பொடிச்சிக்குத் தான் நிற்கும் இடம் புரிந்தது. அடி பாவி, நான் என்ன காரியம் செய்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மேல்தாடை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ராசா, மன்னிச்சிடுங்க!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள். "நாக்குக்கு அடியில பேன் இருந்துச்சு, எடுத்துட்டேன். செவுள் பக்கம் இன்னும் ரெண்டு கடிச்சுக்கிட்டு இருக்கு. எடுக்கவா, போகவா?"

தாடை நின்றது. ராசாவுக்கு நாக்கடியில் இருந்த அரிப்பைக் காணோம்! எத்தனை நாள் வேதனை! அவர் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

பொடிச்சி மூன்று பேனோடு வெளியே வந்தாள். இரண்டைத் தின்றுவிட்டு ஒன்றைப் பவளத்தின் மேல் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். "செய்வினையும் இல்லை, அழுக்குத் தண்ணியும் இல்லை. அரிப்பு இதுதான்."

"நாடகம்!" என்றாள் ராணி. "அவர்கிட்ட இருந்தா என்கிட்டயும் இருக்கணுமே. வந்து காட்டு பார்ப்போம்."

முதல் தடவை மறந்து போனாள். இந்தத் தடவை தெரிந்தே போக வேண்டும், அதுவும் அந்த ஊசிப்பல்லுக்கு நடுவில். பொடிச்சி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் பின்னால் நாடே ஒளிந்து நின்று பார்த்தது.

"வர்றேன் ராணியம்மா. ஆனா வாயை மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தலையை ஆட்டணும். நான் வெளியே வந்துடுவேன்."

"என்கிட்டயே நிபந்தனை போடுறியா?"

"உங்ககிட்ட பல்லு இருக்கு, படை இருக்கு. என்கிட்ட நிபந்தனையைத் தவிர வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

ராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாள். "சரிதான், வா" என்று வாயைத் திறந்தாள்.

பொடிச்சி ஒவ்வொரு பல்லாகத் தாண்டிப் போய் ஒரு பேனைப் பிடித்தாள். ராணி தலையை ஆட்டினாள். பொடிச்சி பாய்ந்து வெளியே வந்தாள், பிறகுதான் வாய் மூடியது. கொண்டுவந்த பேனை ராசாவின் பேனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே ஜாதி, ஒரே நிறம். ராசா குனிந்து பார்த்தார், ராணி வளைந்து பார்த்தாள்.

"இந்தப் பொடிப் பேனுக்காகவா மூணு போர் நடத்தினோம்?" என்றார் ராசா.

"வெட்கக்கேடு" என்றாள் ராணி. "சரி, எனக்கு இடது பக்கம் இன்னும் நாலஞ்சு இருக்கும்போல. அதையும் பார்க்கச் சொல்லும்."

இரண்டு படையும் ஓவென்று முண்டியடித்து வந்தன. ஒளிந்திருந்த கீற்று மீன்கள் எல்லாம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. பின்னே, எவ்வளவு பெரிய விருந்து! நெடுங்கீற்றி குரலை உயர்த்தினாள். "வரிசை, வரிசை! ராசாவா இருந்தாலும் வரிசை! இந்தப் பாருக்குள்ள யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. ஒத்துக்கிட்டவங்க மட்டும் நில்லுங்க!" ஒருவர்கூட விலகிப் போகவில்லை. களவாவுக்குப் பின்னால் அஞ்சாலை, அஞ்சாலைக்குப் பின்னால் களவா. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? செய்தி கேட்டுச் சுறாவும் திருக்கையும்கூட வந்து வரிசையில் நின்றன. பொடிச்சி அன்று தின்ற தீனியில் நீந்தவே முடியாமல் பவளத்தில் சாய்ந்து கிடந்து சிரித்தாள்.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய மீனும் பவளப்பாருக்கு வந்தால், பக்கத்தில் பகையாளியே நின்றாலும் தன் முறை வரும்வரை வாயைத் திறந்துகொண்டு காத்து நிற்கிறது. மூடுவதற்கு முன் ஒரு தடவை தலையை ஆட்டி, உள்ளே இருக்கும் பொடி மீன் பத்திரமாக வெளியே போக வழிவிடுகிறது.