பேச்சிக்கனியின் கரு

டாக்டர் உலகம்மாளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் பிரசவம் பார்த்துவிட்டு, தலைப்பூவையும் பவுடரையும் வாசலோடு விட்டு, வாசனையே ஆகாத கரு ஆய்வகத்தில் மறுபடி மாணவியாகச் சேர்ந்திருந்தார். குரு ஜெரால்டுக்கு முப்பத்தைந்து. உலகம்மாள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவன் பேச்சைத் தட்டமாட்டார்.

சோதனைக்குழாய்க் குழந்தைக்காக வந்திருந்த பேச்சிக்கனிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கரு. நாற்பத்தொரு வயது, மூன்றாவது முயற்சி. இதற்குமேல் உடம்பு தாங்காது என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த ஒன்றும் சரியான சோம்பேறி. எட்டு செல்லாகியிருக்க வேண்டிய நேரத்தில் ஐந்தோடு நின்றிருந்ததைப் கருவை வளர்க்கும் பெட்டிக்குள் இருந்த கேமரா காட்டிக்கொடுத்துவிட்டது. ஐந்தாம் நாள் சாயங்காலமாகியும் அது தேறவில்லை.

உலகம்மாள், கழித்துவிட வேண்டியவற்றுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். வீணாக ஆசை காட்டுவது பாவம் என்பது அவர் கட்சி.

“இவ்வளவு பிந்துனா குரோமோசோம் கூடக்குறையத்தான் இருக்கும், தம்பி. எதுக்கு வச்சுப் பாக்கணும்?”

ஜெரால்டு வாதாடவில்லை. திரையில் கருவின் படத்தைப் பெரிதாக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“குரோமோசோம் எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க டாக்டர்.”

உலகம்மாள் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார். படத்தில் தெரிந்தால் அல்லவா எண்ணுவதற்கு? எரிச்சலோடு, தெரியவில்லை என்றார்.

“அப்ப இருக்கட்டும்.”

ஆறாம் நாள் மத்தியானம் கரு நன்றாக உப்பி வளர்ந்திருந்தது. உலகம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கிப்போடப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஓரத்திலிருந்து ஐந்தாறு செல்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கருவை உறையவைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பதினாறாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தது. கருப்பையில் வைத்தாலும் தங்காது.

உலகம்மாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“அன்னைக்கே சொன்னேன். பேச்சிக்கனிய ரெண்டு வாரம் காக்கவச்சதுதான் மிச்சம். நான் சொன்னதுதானே நடந்திருக்கு?”

ஜெரால்டு சோதனை முடிவுக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தான்.

“அன்னைக்கு நீங்க சொன்னது, பிந்தி வளர்ற கருவையெல்லாம் பத்தி. இதுலதான் பேச்சிக்கனியோட கருவைப் பத்தி எழுதியிருக்கு. அவங்க வெளிய உக்காந்திருக்காங்க. இப்ப நீங்க அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லலாம், டாக்டர்.”