ஐந்து ஊர் ஓலை

வெகு காலத்துக்கு முன்னே காரைநாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன்! கதிர் முற்றி நிற்கும் நேரத்தில் வயலில் நின்ற ஆட்களையெல்லாம் பிடித்துப் போருக்கு அனுப்பிய புண்ணியவான். போனவர்களில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள்.

ஐந்து ஊரும் கூடி, இனி நீ எங்களுக்கு ராஜா இல்லை என்று ஓலை எழுதின. கொண்டுபோகிறவன் தலை தப்பாது. பரிசல்காரன் செங்கோடன், "நான் போறேன்" என்று கிளம்பினான்.

சபையில் ஓலையை வாசித்தவர் அரசவைப் புலவர் அம்பலக்கூத்தர். இன்னொருவன் நாலு வரி எழுதினால் அவருக்கு வயிறு எரியும்.

"அறுவடைக் காலத்தில் அரசன் குடிகளைப் போருக்கு இழுக்கமாட்டான். இழுத்தால் அவன் அரசன் அல்லன். குடிகள் அவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை."

புலவர் குதித்தார். "என்ன திமிர் பிரபு! நடையைப் பாருங்கள், எழுதத் தெரியாத தற்குறி. இவன் கையை வெட்ட வேண்டும்!"

"வெட்டிவிடுவோம், என் வாள்மேல் ஆணை! எழுதியது யாரடா?" என்றான் ராஜா.

"உங்க பக்கத்துலயே நிக்கிறாருங்க மகாராஜா" என்றான் செங்கோடன். "முடிசூட்டு அன்னைக்கு நீங்க வாசிச்ச உறுதிமொழிங்க இது. எழுதிக் கொடுத்தவர் இவர். எங்க கோயில் சுவர்ல கல்லுலயே இருக்கு."

வருஷா வருஷம் முடிசூட்டு நாளில் அதைச் சபையில் வாசிப்பது வழக்கம். ராஜாவுக்குக் கொட்டாவி வருகிறதென்று புலவர்தான் அதை நிறுத்திப் புகழ்ப்பாட்டு வைத்தார். அடப்பாவமே, எழுதியவருக்கே மறந்துபோயிற்று!

புலவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ராஜாவின் முகம் செத்துப்போயிற்று.

"உங்கள் சொல் ஒன்றுகூட இல்லையா இதில்?" என்று செங்கோடனைக் கேட்டான்.

"எங்க சொல்லுன்னா ரெண்டாவது வரிக்குள்ள என் தலை போயிருக்கும். உங்க சொல்லுங்கிறதாலதான் இதுவரைக்கும் நிக்கிறேன். அடியில பேருங்க மட்டும் எங்களோடது. செத்தவங்க."

ராஜா ஓலையை வாங்கி ஒவ்வொரு பேராகப் படித்தான். வெகுநேரம் ஆயிற்று. மிச்சமிருந்த ஆட்களை அன்றே ஊருக்கு அனுப்பச் சொன்னான்.

"உனக்கு என்ன வேண்டும்?"

"புலவர் கையை வெட்ட வேண்டாம் சாமி. எங்க ஊருக்கு அனுப்புங்க. உறுதிமொழிக்குக் கீழே இந்தப் பேரையெல்லாம் அந்தக் கையே கல்லுல செதுக்கட்டும்."

"நாற்பத்தொன்றுமா?"

"நாப்பதுதான். கடைசிப் பேரு மாரப்பன், என் மகன். அதை நான் செதுக்கிக்கிறேன்."